ஆமாஞ்சாமியின் கழுத்து

சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்ததும் அவர் சைக்கிளில் இருந்தபடியே இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மோவாயை மார்பை நோக்கி மெல்ல இறக்குகிறார். அங்கே கொஞ்சம் நிறுத்துகிறார். பிறகு அதை வானத்தை நோக்கி ஏற்றுகிறார். அடுத்து வலது தோளைப் பார்க்கிறார், அங்கே ஏதோ பூச்சி உட்கார்ந்திருப்பதுபோல. அப்புறம் இடது தோளை, பூச்சி அங்கே பறந்து வந்துவிட்டதுபோல. கடைசியில் இரண்டு தோள்களையும் காதுவரை தூக்கி, சுமந்து வந்த மூட்டையை இறக்குவதுபோல் தொப்பென்று விடுகிறார். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றிருந்த அம்மா, "இந்த ரோடு நேரா ஸ்டேஷனுக்குப் போகுமா?" என்று கேட்டது மோவாய் இறங்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். பச்சை விழுந்ததும் அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய்விட்டார். ஸ்டேஷன் எதிர்த்திசையில் இருக்கிறது.

"நான் வாயே தொறக்கலையே சார். அவங்களா போனா நான் என்ன பண்றது?" என்பார் கேட்டால். அது உண்மைதான். அவருடைய வாய் யாருக்கும் எதற்கும் சம்மதம் சொன்னதாக வரலாறு இல்லை. சம்மதங்களெல்லாம் கழுத்து வழியாகவே வெளியேறியிருக்கின்றன.

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், வீட்டு வாசலில் இருக்கும் குழியின் மூடியைக் கம்பிக் கொக்கியால் தூக்கி, குனிந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, உள்ளே ஓடியிருக்கும் எண்ணைக் கையிலுள்ள மெஷினில் தட்டுவார். ஐம்பதைத் தாண்டியவர். ஒட்டிய கன்னம், நீளமான கழுத்து, அதற்குப் பொருந்தாத சின்னக் காலர். அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடுவது ஆமாஞ்சாமி என்று. பெற்றோர் வைத்த பெயர் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.

ஆமாஞ்சாமி என்றதும், குழைந்து பேசி, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஒருவரை நினைத்துக்கொள்வீர்கள். இவர் பேச ஆரம்பித்தால் உலகத்தில் எதுவுமே சரியில்லை. வெயில் சரியில்லை, மழை அதைவிட மோசம். நாய்களுக்கு முன்பெல்லாம் சீருடைக்கு ஒரு மரியாதை இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. குழிக்கு மூடி செய்கிறவன் தன் வாழ்க்கையில் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டான். "இது ஒரு பொழப்பா சார்? குனிஞ்சா குழி, நிமிர்ந்தா நாய்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று அங்கலாய்ப்பார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சரி, இன்னும் கோடித் தெரு பாக்கி கெடக்கு" என்று சைக்கிளில் ஏறும்போது முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அதை மறைக்க அவர் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகிறேன் என்று அதே சைக்கிளில் கிளம்பி, அதே தெருக்களைத்தான் சுற்றுவார். மூடியைத் தூக்குவதில்லை, பார்த்துக்கொண்டே போவதோடு சரி. "ஊர்ல வேற தெருவே இல்லையா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டிருக்கிறார். "அதெல்லாம் வேற ஆளுங்க பாக்குற தெரு. அங்க எனக்கென்ன வேலை?" என்பது பதில்.

மீட்டர்களோடு பேசுகிற பழக்கமும் உண்டு. குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "என்னப்பா, இந்தத் தடவை நல்லா ஓடியிருக்க போலிருக்கே" என்பார். எண் நகராமல் நின்றிருந்தால், "ஊருக்குப் போயிட்டாங்களா எல்லாரும்?" என்று விசாரிப்பார். வீட்டுக்காரர்கள் தங்களைத்தான் கேட்கிறார் என்று எண்ணி உள்ளேயிருந்து பதில் சொல்வார்கள். அது அவருக்குப் பிடிக்காது. மீட்டரிடம் பேசும்போது மனிதர்கள் குறுக்கிடுவது நாகரிகமில்லை என்பது அவர் கட்சி.

கழுத்துக்கு வருவோம். சைக்கிள் அவர் பழையதாக வாங்கியது. முந்தைய சொந்தக்காரர் இவரைவிட ஒரு தலை உயரம். அந்த ஒரு தலை வித்தியாசத்தை இவருடைய கழுத்து பல வருஷம் தவணையில் கட்டியது. ஹேண்டில்பார் தூரத்தில், தாழ்வாக இருந்தது. அதை எட்டிப் பிடிக்க உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். சாய்ந்த உடம்பின் மேல் இருக்கிற தலை இயல்பாகத் தரையைப் பார்க்கும்; ரோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைப் பின்னுக்கு மடித்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்குத் தொப்பி. அதன் கூரை கண்ணை மறைத்ததால் இன்னும் கொஞ்சம் மடிக்க வேண்டும். ஆக, குழியருகே கழுத்து கீழே மடங்கும், சைக்கிளில் மேலே மடங்கும். நடுவில் நிற்கிற வாய்ப்பு அதற்குத் தூக்கத்தில்தான் கிடைத்திருக்க வேண்டும். தூக்கத்திலும் அவர் குப்புறப் படுப்பவர்.

விளைவு, பிடரியிலிருந்து தோள்பட்டை வரை ஒரே பலகையாகிவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கால், இடுப்பு, மார்பு, முகம் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். "ஏங்க, கூப்பிட்டா மனுஷன் மாதிரி திரும்புங்க. பீரோவை நகத்துற மாதிரி இருக்கு" என்று மனைவி அலுத்துக்கொண்டார். அவர் அதையும் வெயில், மழை, நாய் வரிசையில் சேர்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பீரோவை ரோட்டில் திருப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருநாள் வலது பக்கம் திரும்ப வேண்டிய முனையில் பின்னால் பார்க்காமல் கையை மட்டும் நீட்டித் திருப்பிவிட்டார். பின்னால் வந்த வேன் கிறீச்சிட்டு, அவருடைய பின்சக்கரத்தை மோந்து பார்க்கிற தூரத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யோவ், பின்னாடி பாக்க மாட்டியா?" என்றார். இவர் முன்பக்கத்தையே பார்த்தபடி, "பாக்க முடிஞ்சா பாக்க மாட்டனா?" என்றார். ஓட்டுநர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வேனைப் பின்னுக்கு எடுத்தார்.

அன்று சாயங்காலமே மனைவி தன் தங்கையைப் போனில் கூப்பிட்டார். தங்கை பிசியோதெரபிஸ்ட். அக்கா புருஷனிடம் எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிற உரிமை படைத்தவர். அந்த உரிமையை வீணாக்காதவரும்கூட. வந்தவர் கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் சைக்கிளைப் பார்க்கவேண்டும் என்றார்.

"அத்தான், ஏறிக் காட்டுங்க."

ஏறிக் காட்டினார்.

"இதுல உட்கார்ந்துட்டுப் போறீங்களா, படுத்துட்டுப் போறீங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுல" என்றார் இவர்.

"கைப்பிடிய எதுக்கு இப்படி நெரிக்கிறீங்க? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"விட்டா ஓடிடும்."

"ஓடத்தானே அத்தான் வாங்கினீங்க."

ஸ்பேனர் வந்தது. ஹேண்டில்பார் மேலே ஏறியது, சீட் முன்னால் நகர்ந்தது. தொப்பியின் கூரை மேல்நோக்கி மடிக்கப்பட்டது. ஒரே தோளில் தொங்கிக்கொண்டிருந்த, கொக்கியும் மெஷினும் தண்ணீர் பாட்டிலும் அடங்கிய பை கேரியருக்கு இடம் மாறியது. முழங்கையை விறைப்பாக நீட்டிப் பூட்டக்கூடாது என்று உத்தரவாயிற்று. "பள்ளத்துல சக்கரம் இறங்கினா அந்த அடி எங்க போகும்? கை வளைஞ்சிருந்தா கையோட போகும். நீட்டியிருந்தா நேரா கழுத்துக்கு." ஒரே பிடியாகப் பிடிக்காமல் கையை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே புள்ளியை முறைத்துக்கொண்டே போகாமல், ரோடு காலியாக இருக்கிறபோது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோள் காதைத் தேடிக்கொண்டு போகிறதா என்று அவ்வப்போது கவனித்து, போனால் இறக்கிவிட வேண்டும். கடைசியாக, நட்டை முறுக்கிக்கொண்டே, மோவாயை இறக்கி ஏற்றுவதிலிருந்து தோளைப் போடுவது வரை செய்து காட்டிவிட்டுச் சொன்னார்: "நின்னா போதும், உடனே இதைப் பண்ணணும். மேல கீழ, அப்புறம் ரெண்டு பக்கம், அப்புறம் தோள். ஒரு தடவைகூட விடக்கூடாது."

இங்கேதான் நம் மொழி தன் வேலையைக் காட்டியது. நின்றால் என்றால், எது நின்றால்? எழுவாயை முழுங்கிவிட்டுப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. கேட்பவர் தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். மச்சினி மனதில் நின்றது சைக்கிள். அத்தான் காதில் நின்றது அத்தான்.

அன்றிலிருந்து அவர் எங்கே நின்றாலும் மோவாய் இறங்கியது. சிக்னலில் மட்டுமில்லை. கடையில், லிஃப்டில், வங்கி வரிசையில், அடுப்படி வாசலில், பல் தேய்க்கிற இடத்தில். சொன்னதைச் சொன்னபடி செய்கிற நோயாளிகள் அபூர்வம். அதனால் அவருக்குச் சீக்கிரமே குணம் தெரிய ஆரம்பித்தது. பலகை இளகியது. பீரோ மனிதனாகத் திரும்பத் தொடங்கியது. கைப்பிடியில் விரல்கள் தளர்ந்து கிடக்க, முழங்கை லேசாக வளைந்திருக்க, இரண்டு பக்கத்து மாடிகளையும் நலம் விசாரிப்பதுபோல் பார்த்துக்கொண்டு அவர் போவது கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. "எப்படி இருக்கு கழுத்து?" என்று கேட்டால் மட்டும், "ம், கெடக்கு" என்பார். நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அவருடைய கொள்கைக்கு விரோதம்.

பக்கவிளைவு வேறு பக்கத்தில் தெரிந்தது. அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டுக்காரர் வந்து, "எங்க காரை உங்க கேட் ஓரமா நிறுத்திக்கலாமா? எங்க பக்கம் இடம் பத்தல" என்று கேட்டிருக்கிறார். மோவாய் இறங்கியது, ஏறியது. அன்றிலிருந்து கார் அங்கேதான் நிற்கிறது. காலையில் சைக்கிளை வெளியே எடுக்க அவர் அதை ஒருக்களித்து, காருக்கும் கம்பத்துக்கும் நடுவில் மூச்சைப் பிடித்து நுழைக்க வேண்டியிருக்கிறது.

"ஏன் சரின்னு சொன்னீங்க?" என்று மனைவி பிடித்துக்கொண்டார்.

"நான் எங்க சொன்னேன்? கழுத்துக்கு எக்சர்சைஸ் பண்ணேன்."

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அவ்ளோ சந்தோஷமா போனாரு மனுஷன்."

பக்கவாட்டிலும் தலையை ஆட்டுகிறாரே, பாதிப் பேருக்காவது மறுப்பாகப் பட்டிருக்க வேண்டாமா என்று நான் யோசித்ததுண்டு. கவனித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. மேலும் கீழும் முதலில் வருகிறது, பக்கவாட்டு அப்புறம். மக்கள் தங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்தவுடன் கிளம்பிவிடுகிறார்கள். மச்சினி வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால் அவர் ஊரில் கறாரான ஆள் என்று பெயர் எடுத்திருப்பார்.

ஆமாஞ்சாமி என்ற பெயர் அப்போது வந்ததுதான். ஆனால், எல்லாப் பழியையும் உடற்பயிற்சியின் மேல் போடுவதும் நியாயமில்லை. கழுத்து பலகையாக இருந்த காலத்திலும் அவர் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. முகத்துக்கு நேரே ஒருவரை ஏமாற்றமடையச் செய்ய அவரால் ஆகாது. அவர்கள் போன பிறகு கோடித் தெருவரை கேட்கும்படி அவர்களைத் திட்டுவார். வாய்க்கும் கழுத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வினை அலுவலகத்தில் வந்தது. அங்கே புகார் கேட்கிற போன் மேஜை ஒன்று உண்டு. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்து நிற்காதவர்கள் எல்லோரும் அந்தப் போனுக்குத்தான் பேசுவார்கள். அதில் பல வருஷம் இருந்த அம்மாவுக்கு வேறு கிளைக்கு மாற்றலாகியிருந்தது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டச்சு செய்து பழகியவர். போன் இல்லாத நேரத்திலும் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். எதிரில் இருப்பவர் சொல்வதை மிகுந்த பரிவோடு கேட்பதுபோல் தோன்றும். பரிவெல்லாம் இல்லை, நிமிராது, அவ்வளவுதான்.

கிளைக்குப் பொறுப்பான பொறியாளர் ஒரு பெண்மணி. நல்லவர். நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. வேன் கதை அவர் காதுக்குப் போயிருந்தது. மச்சினி கதை போகவில்லை. இவரை அறைக்குக் கூப்பிட்டார். இவர் போய் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"உங்க கழுத்து விஷயம் கேள்விப்பட்டேன். இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு வெயில்ல அலைச்சல்? போன் டெஸ்க்ல போட்டுடலாமா? நிழல்ல உட்கார்ந்து வேலை பாக்கலாம்."

நின்றுகொண்டிருந்தார் அல்லவா? மோவாய் இறங்கியது, கொஞ்சம் தங்கியது, ஏறியது.

"ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசத்துலேர்ந்து வெச்சுக்கலாம்" என்று பொறியாளர் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். இவர் வலது தோளையும் இடது தோளையும் பார்த்து முடித்தபோது அதைக் கவனிக்க அந்த அறையில் ஆள் இல்லை.

அன்று எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் குழிப் பக்கமே போகவில்லை. "தலைல கட்டிட்டாங்க சார்" என்றார்.

விவரத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதுதானே? இது ஒரு பொழப்பான்னு நீங்கதானே சொல்வீங்க" என்றேன்.

"அது பேச்சுக்கு சார்."

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியின் மூடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் இல்லாமல் மணியிடம் சொல்வதுபோலப் பேசினார். "போய் ஒரு நாற்காலில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரே சுவரு. போன் பண்றவன் எவனும் நல்லா இருக்கேன்னு சொல்லப் போன் பண்ண மாட்டான். இங்கன்னா, வீடு வீடா போறேன். திடீர்னு மீட்டர் எகிறியிருந்தா அந்த வீட்ல கொழந்தை பொறந்திருக்கும். துணி அலசி மாளாதுல்ல. கொஞ்சமா ஓடியிருந்தா பையன் வெளியூர் போயிருப்பான். யாரும் எனக்கு சொல்ல வேண்டாம். அதான் சார் பாத்துட்டே போவேன். அதுவும் இப்பதான் கழுத்து கொஞ்சம் திரும்புது."

கழுத்து திரும்புகிறது என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

விஷயம் தெரிந்ததும் மச்சினி நேரில் வந்துவிட்டார். நடந்ததை அவர் எனக்கு நடித்தே காட்டினார், இரண்டு குரலிலும்.

"உங்க கழுத்தை நிமிர்த்தினது எதுக்கு அத்தான்? அதுல போனை இடுக்கிக்கவா? யாரைக் கேட்டு தலையாட்டினீங்க?"

"நீதானே சொன்ன? நின்னா ஆட்டணும், விடக்கூடாதுன்னு."

"சைக்கிள் நின்னான்னு சொன்னேன்."

"சைக்கிள்னு சொல்லவே இல்லையே."

"சைக்கிள் மேல உட்கார்ந்திருந்த ஆள்கிட்ட வேற எதைச் சொல்லுவாங்க?"

இவர் அதை நிதானமாக யோசித்துப் பார்த்தாராம். பிறகு, "அப்ப லிஃப்ட்ல பண்ண வேண்டாமா?" என்று கேட்டாராம்.

பழகிய கழுத்து கேட்குமா? நின்றால் அது தானாகவே இறங்குகிற அளவுக்கு ஊறியிருந்தது. பேசாமல் போய் வாயால் மறுத்துவிட்டு வாருங்கள் என்று தீர்மானமாயிற்று. வாய்க்கு அது புது வேலை. ஆகவே, வீட்டில் ஒத்திகை. மனைவி பொறியாளராக நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் எதிரில் நின்றார்.

"சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார் மனைவி, அதிகாரி குரலில்.

"அது வந்து மேடம்... முடியாதுன்னு இல்ல..."

"முடியாதுன்னு இல்லைன்னா முடியும்னுதான் அர்த்தம். மறுபடி சொல்லுங்க."

"யோசிச்சுப் பாத்தேன் மேடம். பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்கலாம்?"

"நீங்க பாத்து எது செஞ்சாலும்..."

மனைவி அதிகாரி வேஷத்தைக் கலைத்துவிட்டார். "ஏங்க, நான் சமையல்ல உப்பு போட்டா, போடாட்டி, அதுக்கு மட்டும் எவ்ளோ வாய் வருது. முடியாதுன்னு நாலு எழுத்துல ஒரு வார்த்தை வர மாட்டேங்குதே."

"நீ வேற ஆளா? உங்கிட்ட சொல்றது எனக்கு நானே சொல்ற மாதிரி."

அது பாராட்டா, அவமானமா என்பது இன்னும் மனைவிக்குத் தெளிவாகவில்லை. ஆனால், அந்தக் குழப்பத்திலும் வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். "நின்னாதானே அந்தத் தலை ஆடும்? உட்கார்ந்துக்கிட்டு சொல்லுங்க."

சொல்வது சுலபம். பொறியாளர் அறையில் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் உண்டு. அவை வெளியாட்களுக்கு. மீட்டர் பார்க்கிறவர்கள் அதில் உட்காரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. முடியாது என்று சொல்வதா, கேட்காமல் நாற்காலியில் உட்காருவதா, எது பெரிய காரியம் என்று அவர் இரண்டு நாள் குழம்பினார். "ஒண்ணு பண்ணாலே பெருசு சார். ரெண்டும் ஒரே நாள்ல பண்ணச் சொல்றா" என்று என்னிடம் முறையிட்டார்.

எங்கள் வாசல் குழியின் மூடி விரிசல் விட்டிருந்தது. அதைச் சொல்ல நான் அலுவலகம் போனது தற்செயல்தான் என்றால் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். பொறியாளருக்கு எதிரே ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆமாஞ்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார், ஆழம் தெரியாத தண்ணீரைப் பார்ப்பதுபோல. பிறகு நடந்து வந்து, அதன் விளிம்பில், பாதி உடம்புக்கு மட்டும் இடம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். மயக்கம் ஏதாவது வருகிறதோ என்று நினைத்திருக்க வேண்டும். "என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கு மேடம்." அவர் பார்வை மேஜையிலிருந்த பேனாக் குவளையில் நட்டு நின்றது. தோள் இரண்டும் காதைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. "அந்த போன் வேலை... என்னால முடியாது மேடம்."

தன் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தைதானா என்று அவரே காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தார்.

"நீங்கதானே சரின்னீங்க?"

"அது நான் இல்ல மேடம். கழுத்து."

பொறியாளருக்குப் புரியவில்லை. இவர் புரியவைத்தார். வேன், மச்சினி, ஸ்பேனர், நின்னா என்கிற வார்த்தை, கேட் ஓரத்துக் கார், ஸ்டேஷனுக்கு வழி கேட்ட அம்மா எல்லாம் வரிசை தப்பி வந்தன. ஆரம்பித்த பிறகு நிறுத்துவது எப்படி என்று தெரியாத பேச்சு அது. நடுவில் பொறியாளர் ஒரு சிரிப்பை இருமலாக மாற்றினார். "ரோடுதான் மேடம் எனக்கு சரி" என்று அவர் முடித்தார். "வெயில்னு நான் சொல்றதை எல்லாம் நீங்க காதுல போட்டுக்க வேண்டாம்."

பொறியாளர் பேனாவை மூடினார், திறந்தார். "மேல எழுதி அனுப்பிட்டேனே" என்றார். இவர் முகம் சுண்டியது. ஆனால், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாதி உடம்புக்கு இருந்த இடத்தை முழு உடம்புக்குமாக விரித்துக்கொண்டார். பொறியாளர் பேனாவைக் குவளையில் போட்டார். "சரி விடுங்க. அதை நான் பேசிக்கிறேன். போன் டெஸ்க்குக்கு வேற ஆளைப் பாக்கறேன். நீங்க ரோட்டுலயே இருங்க."

"நன்றி மேடம்" என்று அவர் எழுந்து நின்றார். தோள்கள் காதை விட்டுக் கீழே இறங்கின.

"ரோட்டுல இருக்கறேன்னு சொல்லிட்டீங்க, நல்லதாப் போச்சு" என்றார் பொறியாளர், அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டே. "அந்த மேட்டுப் பகுதி பாக்குறவர் காலை உடைச்சுக்கிட்டாரு. அங்க சைக்கிள்ல ஏறவே முடியாது, தள்ளிட்டுத்தான் போகணும்னு எல்லாரும் தட்டிக்கழிக்கிறாங்க. அதையும் நீங்களே சேர்த்துப் பாத்துக்கிறீங்களா?"

அவர் நின்றுகொண்டிருந்தார். மோவாய் இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் வலது கை விருட்டென்று மேலே போய், அதை அடியிலிருந்து ஏந்திப் பிடித்து நிறுத்திக்கொண்டது.